தாவரக் கிளிசரின்: தோலுக்கு எப்படிப் பயன்படுத்துவது, நுரையீரலுக்கு ஏன் கூடாது

சேலம் அம்மாப்பேட்டையில் வெண்பட்டு நெய்யும் வீடுகளில் விரல் நுனி சொரசொரத்துப் போனால் அன்றைய வேலை தடைப்படும். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவின் கடைசி இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்கும்போது, தோலில் எழும்பி நிற்கும் ஒரு சிறு பிசிறு போதும். இழை அதில் மாட்டி இழுபடும், சில நேரம் அறுந்தும் விடும். என் பெரியப்பா தை, மாசி மாதங்களில் தறியில் உட்காருவதற்கு முன் கட்டைவிரல் நுனியை உதட்டில் தேய்த்துப் பார்ப்பார். உறுத்தினால் அன்று பாவு பிணைக்கும் வேலையைப் பெரியம்மாவிடம் விட்டுவிடுவார். தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மெத்தென்று ஆகும் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனால் வெள்ளைப் பட்டில் ஒரு பொட்டு எண்ணெய்க் கறை பட்டாலும் அந்த வேட்டிக்கு முழு விலை கிடைக்காது. "ஏம்மா, எண்ணெயும் இல்லாம, தண்ணில கழுவுனா சுத்தமாப் போயிடற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று அவர் கேட்டார். வேதியியல் படித்தவள் என்ற முறையில் நான் யோசித்துச் சொன்ன பொருள்தான் கிளிசரின்.

அந்தக் கிளிசரினை வாங்க மருந்துக் கடையில் நின்றிருந்த ஒரு மாலையில், கல்லூரி மாணவர்கள் இருவர் வந்து, "வெஜிடபிள் கிளிசரின் இருக்குங்களாண்ணா? வேப் லிக்விடுல கலக்கறதுக்கு" என்று கேட்டார்கள். கடைக்காரர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் கேட்டதும் நான் வாங்கியதும் ஒரே புட்டியில் இருக்கும் ஒரே திரவம். அந்தத் திரவத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கரைப்பது, எங்கே பூசுவது என்பதோடு, வேப் என்னும் மின்சிகரெட்டின் திரவத்தில் அது என்ன வேலை செய்கிறது, அந்த வேலைக்கு அதை ஏன் விடக்கூடாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

புட்டியில் இருப்பது என்ன

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் என எந்தத் தாவர எண்ணெயை எடுத்துக்கொண்டாலும், அதன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரின் தண்டில் கோத்துக் கட்டியிருக்கின்றன. எண்ணெயோடு காரத்தைச் சேர்த்துச் சோப்பு காய்ச்சும்போது அமிலங்கள் சோப்பாகப் பிரிந்து போக, தண்டு தனியே விடுபடுகிறது. அதைத் தூய்மைப்படுத்தி எடுப்பதே தாவரக் கிளிசரின். 1779-இல் சுவீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு சேர்த்துச் சூடாக்கியபோது இந்த இனிப்புத் திரவத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தார். பின்னர் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல், இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கிளிசரின் என்று பெயரிட்டார். எண்ணெயிலிருந்து பிறந்தாலும் இது எண்ணெய் அன்று; தண்ணீரோடு எந்த அளவிலும் கலந்துவிடும். வெண்பட்டு நெய்பவருக்கு இது ஏற்றதாக இருப்பதற்கு முதல் காரணம் இதுவே: காலையில் வெறும் தண்ணீரில் கையைக் கழுவினால் மிச்சம் இல்லாமல் போய்விடும்.

இரண்டாவது காரணம், கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம். திறந்த கிண்ணத்தில் சிறிதளவு ஊற்றி மழைக்கால இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், ஊற்றியதைவிடச் சற்று நீர்த்தும் எடை கூடியும் இருக்கும். காற்றிலிருந்த ஈரத்தை அது குடித்திருக்கும். திரைப்படத்தில் கன்னத்தில் கண்ணீர்த் துளியை நிறுத்தக் கிளிசரினைப் பயன்படுத்துவதும் இதனால்தான். படப்பிடிப்பு விளக்குகளின் சூட்டில் தண்ணீர்த் துளி உலர்ந்துவிடும், கிளிசரின் துளி அப்படியே நிற்கும். ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைக் கடக்கும்போதெல்லாம், 1930-களில் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் எத்தனை புட்டி கிளிசரின் செலவாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

தண்ணீரைப் பிடிக்கும் குணத்தைப் புரிந்துகொள்ளாமல் பூசினால் கெடுதல்தான் மிஞ்சும். நான் செய்த முதல் தவறு அதுவே. ஒரு சித்திரை மாதத்தில், வெடித்திருந்த என் குதிகாலில் புட்டியிலிருந்து அப்படியே கிளிசரினை ஊற்றித் தேய்த்தேன். சில நொடிகளில் வெடிப்புக்குள் சுரீரென்று எரிந்தது. காலையில் தோல் முன்னைவிட இறுகியிருந்தது. காரணம் எளியது. சேலத்துக் கோடையில் காற்றில் ஈரம் குறைவு. தூய கிளிசரினுக்குத் தண்ணீர் வேண்டும். காற்றில் கிடைக்காதபோது அது தோலின் உள்ளடுக்கிலிருந்தே தண்ணீரை மேலே இழுக்கிறது, இழுத்த நீரும் வறண்ட காற்றில் ஆவியாகிப் போகிறது. ஆகவே கிளிசரினுக்கு வேண்டிய தண்ணீரை நாமே முன்கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அதைத் தோலில் வைக்க வேண்டும். நூறு பங்கில் 5 முதல் 20 பங்கு கிளிசரின் இருந்தால் தோலுக்குப் போதும்; அதற்கு மேல் போனால் பிசுபிசுப்புக் கூடுகிறதே தவிரப் பலன் கூடுவதில்லை.

வாங்கும்போது

புட்டியின் மேல் ஐ.பி. என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். இந்திய மருந்து நூலின் தரத்துக்கு உட்பட்டது என்பது அதன் பொருள். உற்பத்தித் தேதி, தொகுதி எண், தயாரித்தவரின் முகவரி ஆகிய மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். கெமிக்கல் கடைகளில் பெரிய கேனிலிருந்து பாட்டிலில் பிடித்துத் தரும் கிளிசரின் மலிவாகக் கிடைக்கும். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கானதை உடலில் படும் எதற்கும் வாங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். அதற்கு ஒரு கொடிய வரலாறு இருக்கிறது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு, பார்வைக்குக் கிளிசரினைப் போலவே நிறமற்றது, கெட்டியானது, நாவில் இனிப்பானது, விலையும் மலிவு. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் இந்த நச்சு கலந்த கிளிசரினைக் கொடுத்ததால் 14 நோயாளிகள் இறந்தார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்திலும் இதே நச்சு இருந்தது. அந்த மருந்து நம் தமிழ்நாட்டில் காய்ச்சப்பட்டது. நாவில் தொட்டுச் சுவைத்து இதைக் கண்டறிய முடியாது, முயலவும் கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய ஒரே நேர்மையான சோதனை எடை போட்டுப் பார்ப்பது. தூய கிளிசரின் தண்ணீரைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கனமானது. 100 மில்லி கிளிசரின் ஏறத்தாழ 126 கிராம் இருக்கும். சேலத்தில் நல்ல தராசுக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எந்த உறவினர் வீட்டிலும் மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருக்கும். அளவுக் குவளையை முதலில் வெறுமையாக எடை போட்டு, பிறகு சரியாக 100 மில்லி ஊற்றி எடை பாருங்கள். 120 கிராம் அளவில் நின்றால் தண்ணீரோ வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 126 கிராம் காட்டினாலும் சிறிதளவு கலப்படம் இருந்தால் தராசு அதைக் காட்டாது. எனவே இந்தச் சோதனையை மேற்சொன்ன அச்சு விவரங்களுக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

வேப் திரவத்தில் அதன் வேலை

வேப் கருவியில் ஒரு சிறு கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சுத் திரி, திரியை நனைக்கும் திரவம் ஆகியவை இருக்கின்றன. திரவத்தின் பெரும்பகுதி இரண்டே பொருள்கள்: தாவரக் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும். அவற்றில்தான் நிக்கோட்டினும் வாசனைப் பொருள்களும் கரைந்திருக்கின்றன. புரொப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது, 188 டிகிரி செல்சியசில் கொதிப்பது, வாசனையைத் தெளிவாகச் சுமப்பது. தொண்டையில் உறைக்கும் உணர்வைத் தருவதும் அதுவே. கிளிசரின் கெட்டியானது, 290 டிகிரியில் கொதிப்பது, சர்க்கரையின் இனிப்பில் பாதிக்குச் சற்று மேலான இனிப்பு உள்ளது. வெளியே விடும் வெண்மேகத்தின் அடர்த்திக்கு அதுதான் பொறுப்பு. சூட்டில் ஆவியான கிளிசரின், வாயிலும் காற்றிலும் குளிர்ந்தவுடன் நுண்துளிகளாகத் திரண்டு, சுற்றியிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு பருக்கிறது. சிறிய கருவிகளுக்கு இரண்டும் சரிபாதியாக இருக்கும்; மேகம் பெரிதாக வர வேண்டும் என்று விரும்புவோர் கிளிசரினை 70 விழுக்காடு வரை கூட்டுவார்கள். அப்படிக் கூட்டும்போது திரவம் கெட்டிப்பட்டுத் திரிக்குள் வேகமாக ஏறாது; திரி காய்ந்த இடத்தில் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகும்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்றுகொண்டு, சேலத்து விளக்குகளை மறைக்கும் மூடுபனிக்கு நடுவே இளைஞர்கள் இந்த மேகத்தை விடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், இதுவும் வெறும் நீராவி என்று அவர்கள் நம்புகிறார்கள். மூடுபனியில் இருப்பது தண்ணீர். வேப் மேகத்தில் இருப்பது கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், நிக்கோட்டின், வாசனைப் பொருள் ஆகியவற்றின் துளிகள், அவற்றோடு சூட்டில் சிதைந்து உண்டானவை.

அந்தச் சிதைவை எல்லோரும் மூக்கால் அறிந்திருக்கிறோம். போண்டா போட்டு முடித்தபின் அடுப்பை அணைக்க மறந்துவிட்டால், வாணலியில் எண்ணெய் புகைந்து கண்ணைக் கரிக்கும், தொண்டையைக் கமறும், அடுத்த அறையில் இருப்பவரும் இருமத் தொடங்குவார். அந்தக் கமறலுக்கு முக்கியக் காரணம் அக்ரோலின் என்ற வாயு. எண்ணெயில் கட்டுண்டிருக்கும் கிளிசரின் தண்டு அதிகச் சூட்டில் தன் நீரை இழப்பதால் அது உருவாகிறது. காய்ந்த திரியோடு கம்பி சிவக்கும்போது வேப் கருவிக்குள் நடப்பதும் அதே வேதிவினை. ஃபார்மால்டிஹைடும் அங்கே சேர்ந்து உருவாகிறது. சமையலறையில் அந்த வாடை வந்தால் சன்னலைத் திறந்து வெளியே ஓடுகிறோம். கருவியிலோ அதையே நேராக நுரையீரலுக்குள் இழுக்கிறோம்.

"கிளிசரின் கேக்கில் சேர்க்கிறார்கள், இருமல் மருந்தில் இருக்கிறது, அப்படியானால் இழுத்தால் மட்டும் என்ன?" என்று என் தம்பி மகன் கேட்டான். நியாயமான கேள்வி. உணவாக உட்கொண்டால் பாதுகாப்பானது என்ற சான்று வயிற்றுக்கும் குடலுக்கும் கல்லீரலுக்கும் உரியது. நுரையீரலின் நுண்ணறைகளுக்கு அந்தச் சான்று பொருந்தாது. 2019-இல் அமெரிக்காவில் வேப் பயன்படுத்திய இளைஞர்கள் திடீரெனக் கடும் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,800-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 68 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். அதோடு வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்ட பொருள் வைட்டமின் ஈ அசிட்டேட். முகத்துக்குப் பூசும் கிரீமிலும் சத்து மாத்திரையிலும் ஆண்டுக்கணக்காக இருந்துவரும் பொருள் அது. சூடாக்கி இழுத்தபோதுதான் உயிரைக் குடித்தது. அது கிளிசரின் அன்று என்றாலும், பூசுவதற்கும் இழுப்பதற்கும் உள்ள தூரத்தை அவனுக்கு விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. மருந்துக் கடைக் கிளிசரினில் கேக் எசென்சையும் யூகலிப்டஸ் தைலத்தையும் கலந்து வீட்டிலேயே திரவம் தயாரிப்பது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியாவை உண்டாக்கும்.

சட்டமும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய மின்சிகரெட் தடைச் சட்டம், தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் அனைத்தையும் குற்றமாக்கியது. விற்பவருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும்.

கிளிசரின் கூழ் காய்ச்சும் முறை

வெறும் தண்ணீரில் கரைத்த கிளிசரின் தோலில் நிற்காமல் வழிந்துவிடும். அதை நிறுத்திவைக்க ஒரு கூழ் வேண்டும். மாவுச்சத்தையும் கிளிசரினையும் சேர்த்துக் கூழாக்கிச் சொறிந்த, வெடித்த தோலுக்குக் கொடுக்கும் வழக்கம் பழைய மருந்து நூல்களிலேயே இருக்கிறது. அவற்றில் பத்துப் பங்கு மாவுக்கு எழுபது பங்கு கிளிசரின் வரை சேர்த்து, 140 டிகிரி வரை சூடாக்கச் சொல்லியிருக்கும். அந்தக் கெட்டியான பாகம் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. அந்தச் சூட்டை வீட்டு அடுப்பில் கட்டுப்படுத்துவதும் கடினம். நான் கிளிசரினைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி, கோதுமை மாவுச்சத்துக்குப் பதிலாக நம் மாவட்டத்தில் விளையும் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியின் ஸ்டார்ச்சைப் பயன்படுத்துகிறேன். 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பின் வழியாக நாடெங்கும் போகும் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் ஊற்றுக்கண்ணாக இருப்பது இந்தக் கிழங்குதான். உணவுத் தரமுள்ள, வாடையற்ற ஸ்டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு இது: கிழங்கு ஸ்டார்ச் 5 கிராம், அதாவது தலைதட்டிய இரண்டு தேக்கரண்டி, கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் 75 மில்லி, கிளிசரின் 20 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிக்குச் சற்று மேல். கிளிசரினை மில்லியில் அளப்பவர்கள் 16 மில்லி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 20 மில்லி ஊற்றினால் 25 கிராம் ஆகிவிடும்.

தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ச்சைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதித் தண்ணீரைச் சிறு எவர்சில்வர் பாத்திரத்தில் விட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொதிக்கும் நீருள்ள பெரிய பாத்திரத்துக்குள் வையுங்கள். நேரடித் தீயில் வைத்தால் அடியில் பிடித்துவிடும். சிறு பாத்திரத்தின் ஓரத்தில் ஆவி கிளம்பும்போது கரைத்த மாவை மெல்ல ஊற்றிக்கொண்டே மரக்கரண்டியால் கிண்டுங்கள். முதலில் சுண்ணாம்புத் தண்ணீரைப் போல வெள்ளையாகவே இருக்கும். ஒன்றும் நடக்கவில்லையோ என்று தோன்றும். பிறகு கரண்டிக்கு அடியில் ஒரு கனம் தட்டும், ஓரங்களிலிருந்து வெண்மை விலகத் தொடங்கும், அடுத்த அரை நிமிடத்தில் முழுவதும் கண்ணாடி போலத் தெளிந்து, கரண்டியைத் தூக்கினால் நூலாக இறங்கும். பாவுக்குக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கைகளுக்கு இந்தப் பதம் உடனே பிடிபடும். தெளிந்தவுடன் பாத்திரத்தை வெளியே எடுத்துவிடுங்கள். மேலும் கிண்டிக்கொண்டே இருந்தால் கிழங்குக் கூழ் தளர்ந்து இழுவையாகிவிடும்.

கிளிசரினைச் சேர்ப்பது இப்போதுதான், அடுப்புக்கு வெளியே. முதலிலேயே சேர்த்தால், அது தண்ணீரைத் தன்பக்கம் பிடித்துக்கொள்வதால் மாவுக்குப் போதிய நீர் கிடைக்காமல், கூழாவதற்கு இன்னும் அதிகச் சூடு தேவைப்படும். மெல்லிய தாரையாக ஊற்றிக் கலந்து, மூடாமல் ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் கோத்த நீர் மேலே சொட்டி, அங்கேதான் முதலில் பூசணம் பிடிக்கும். கொதிநீரில் கழுவி உலர்த்திய சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, செய்த தேதியை எழுதி ஒட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். இந்த அளவு கிளிசரின் கூழைக் கெடாமல் காக்காது. பூசணமும் பாக்டீரியாவும் வளர முடியாத அளவுக்குத் தண்ணீரைக் கட்டிப்போட வேண்டுமானால் கலவையில் பாதிக்கும் மேல் கிளிசரினாகவே இருக்க வேண்டும். ஆகவே ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். புளிப்பு வாடையோ நீர் பிரிதலோ கண்டால் அதற்கு முன்பே கொட்டிவிடுங்கள். விரலை விட்டு எடுக்காமல் உலர்ந்த கரண்டியால் எடுப்பது நல்லது.

பலரும் பழக்கத்தின் காரணமாக இதில் எலுமிச்சைச் சாறு பிழிவார்கள். அது வேண்டாம். புளிப்பு, மாவுக்கூழை உடைத்து நீர்க்கச் செய்யும்; எலுமிச்சைச் சாறு பட்ட தோலோடு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்தழும்பும் வரலாம். வாசனை வேண்டுமென்றால் தண்ணீரில் ஒரு பங்கை நல்ல பன்னீராக மாற்றிக்கொள்ளலாம்.

பூசும் நேரமும் இடமும்

இரவு உணவு முடிந்து பாத்திரம் கழுவும் வேலையும் தீர்ந்த பிறகே பூச வேண்டும். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைக்காமல் ஈரத்தை உதறிவிட்டு, அந்த ஈரத்தின் மேலேயே கடலை அளவு கூழை எடுத்து விரல் நுனி, நகக்கண், உள்ளங்கை எனத் தேய்த்துவிடுங்கள். நெய்பவர்கள் காலையில் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத் தறிக்குப் போகலாம். கொலுசுப் பட்டறையில் பொடியும் அமிலமும் படும் கைகளுக்கும் இதே முறைதான். ஆனால் வெட்டோ தீக்காயமோ ஆறாமல் திறந்திருக்கும் இடத்தில் பூசக்கூடாது.

குதிகால் வெடிப்புக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கால் மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவிட்டு, தடித்த தோலை மெல்லத் தேய்த்து, ஈரத்தோடு கூழைத் தடவி, மாசி முதல் வைகாசி வரையிலான சேலத்து வறட்சியில் அதன் மேல் மெல்லிய படலமாக வாசலினோ தேங்காய் எண்ணெயோ பூசுங்கள். கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. மேலே உள்ள படலம் அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் மூடி வைக்கிறது. பருத்திக் காலுறையைப் போட்டுக்கொண்டு படுத்தால் பாயும் வழுக்காது, தரையும் வழுக்காது. கிளிசரின் சிந்திய சிமெண்டுத் தரையில் பெரியவர்கள் வழுக்கி விழக்கூடும், ஆகவே சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுங்கள்.

மலையில் கணக்கு மாறுகிறது. ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில் இருக்கும் என் சித்தி, காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் இதே கூழைப் பூசுகிறார். பனி மூடிக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால், அங்கே மேற்படலம் இல்லாமலே கூழ் வேலை செய்கிறது. வெயில் ஏறிக் குளிர்காற்று வீசும் நாள்களில் மட்டும் அவர் எண்ணெயைச் சேர்த்துக்கொள்கிறார். மார்கழியில் அவர் வீட்டுப் புட்டியிலிருந்து கிளிசரின் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். தூய கிளிசரின் 18 டிகிரியிலேயே உறைய வேண்டிய பொருள். ஆனால் உறைவதற்கு எளிதில் தொடங்காது, கெட்டிப்பட்டு நின்றுவிடும். புட்டியை வெந்நீர்ச் செம்பில் ஐந்து நிமிடம் நிறுத்தினால் பழையபடி ஓடும். கெட்டது என்று எண்ணி அவர் ஒரு புட்டியை ஒருமுறை கொட்டிவிட்டார், அதனால் இதை எழுதுகிறேன்.

சர்க்கரை நோயாளிகள் காலில் வெடிப்பு இருந்தால் இந்தக் கூழை நம்பிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்; அவர்களுக்கு உணர்ச்சி குறைந்திருப்பதால் புண் ஆழமானதும் தெரியாது. முதன்முறை பூசுவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மலைத்தோட்டத்திலும் கிணற்றடியிலும் பயன்படுத்தப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் வாங்கி வைத்திருக்கும் வீடுகளில், கிளிசரின் புட்டியை அதே அலமாரியில் வைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் சற்று நேரத்தில் தீப்பொறியே இல்லாமல் பற்றி எரியும்; பள்ளிக்கூட ஆய்வகத்தில் அந்தத் தீயை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தொடர்ந்து ஐந்தாறு இரவுகள் பூசிய பிறகு, காலையில் கையைக் கழுவி உலர்த்திவிட்டு, பெரியப்பா செய்வதைப் போலக் கட்டைவிரல் நுனியை உதட்டில் தேய்த்துப் பாருங்கள். உறுத்தினால் இன்னும் சில இரவுகள் தொடருங்கள். உறுத்தவில்லை என்றால் வாரத்துக்கு இரண்டு இரவு போதும், அடுத்த முறை பாதி அளவு கூழ் காய்ச்சினால் வீணாகாது.